ஆறரை மணி பஸ்ஸும் அழுகிற பிள்ளையும்

நீலகிரியில் வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்கள் இந்த மாதம் எழுதிய கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் சொல்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர்ப் பெயர் மட்டும்.

குன்னூரில் கணக்குப் பிரிவில் வேலை. பிரசவத்துக்கு ஆறு வாரம் முன்பே லீவு போட்டுவிட்டேன். குழந்தைக்கு நாலரை மாதம் ஆகும்போது திரும்பச் சேர வேண்டும். காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு வர ஆறரை. மாமியார் பார்த்துக்கொள்வார். "பசும்பால்ல தண்ணி கலந்து குடுத்தா போதும், உன் வீட்டுக்காரன் அப்படித்தான் வளர்ந்தான்" என்கிறார். தாய்ப்பாலை நிறுத்தத்தான் வேண்டுமா?
– கோத்தகிரி வாசகி

நிறுத்த வேண்டாம். பிறந்து ஆறு மாதம் முடிகிற வரை தாய்ப்பால் மட்டுமே போதும். பசும்பால், கஞ்சித் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் தேவையில்லை. மாமியாரோடு வாதாடுவதைவிட, அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். நர்ஸ் வாயால் கேட்டால் வீட்டில் சண்டை இல்லாமல் முடியும்.

முதலில் லீவுக் கணக்கு. முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்பது 2017-ல் வந்த சட்டத் திருத்தம். அதில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். முன்னால் எடுத்தது அத்தனையும் பின்னால் குறையும். நீங்கள் 6 வாரம் எடுத்தீர்கள், மீதி 20. ஈட்டிய விடுப்பு கையிலிருந்தால் இப்போதே எழுதிக் கொடுத்து ஆறு மாதத்தைத் தொடப் பாருங்கள். முடியாவிட்டால் பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம்.

எவ்வளவு வேண்டும்? இந்த வயதில் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 750 மில்லி குடிக்கும். நீங்கள் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபம். பத்து மணி நேரத்துக்கு 300 மில்லி, அதாவது 75 மில்லியாக நான்கு வேளை. 300 மில்லியை ஒரே பாத்திரத்தில் வைக்காதீர்கள். 75, 75 ஆக நான்கு சின்ன மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். குழந்தை வாய் வைத்துக் குடித்து மிச்சம் வைத்த பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரமாக இருந்தால் மொத்தமும் வீணாகும்.

வேலையில் சேருவதற்கு மூன்று வாரம் முன்பே பழக ஆரம்பியுங்கள். காலை முதல் பாலூட்டலுக்குப் பிறகு, மார்பு நிறைவாக இருக்கும் நேரம் பார்த்து ஒரு முறை பீய்ச்சுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு மூன்று நிமிடம் ஒத்தடமாக வையுங்கள். பிறகு காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி, மேலே கட்டைவிரல், கீழே ஆள்காட்டி விரல். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, அப்புறம் இரு விரலையும் சேர்த்து அழுத்துங்கள். காம்பை இழுத்தால் வலிதான் வரும், பால் வராது. விரலை வட்டமாக நகர்த்தி எல்லாப் பக்கமும் அழுத்தினால்தான் கட்டாது. இரண்டு பக்கமும் சேர்த்து அரை மணி நேரம் ஆகும். முதல் நாள் 20 மில்லி வந்தால் மனம் விடாதீர்கள். வாரம் போகப் போகக் கூடும்.

பால் அறையில் 4 மணி நேரம் தாங்கும். ஊர் குளிராக இருக்கிறது என்று இந்த அளவைக் கூட்டாதீர்கள், அடுப்படிச் சூட்டை யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஃப்ரிட்ஜின் உள்பக்கத்தில் (கதவில் அல்ல) 4 நாள். ஃப்ரீசரில் வைத்ததை ஃப்ரிட்ஜுக்கு இறக்கி உருகவிட்டால் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது. அடுப்பில் நேரடியாகச் சுடவைக்காமல், வெதுவெதுப்பான தண்ணீரில் டப்பாவை வைத்தால் போதும்.

மாமியாருக்குப் பாலாடையில் ஊட்டிப் பழக்கம் இருக்கும். அது நல்லதுதான். ரப்பர் காம்பில் பழகிய பிள்ளை சில சமயம் மார்பைத் தள்ளிவிடும், பாலாடையில் அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு தவறு ஆபத்தானது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் ஊற்றினால் புரையேறும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தலையைக் கையால் தாங்கி, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டு ஓரத்தில் வைத்துச் சாய்க்க வேண்டும். கொஞ்சம் விட்டு, விழுங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்தது. 75 மில்லிக்குக் கால் மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். பழக்குகிற நாட்களில் நீங்கள் வீட்டுக்குள் இருக்காதீர்கள். அம்மா வாசனை வந்தால் பிள்ளை பாலாடையைத் தொடாது. பாலாடை, டப்பா எல்லாவற்றையும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு பத்து நிமிடம் கொதியில் விடுங்கள்.

அலுவலகத்தில் 11 மணி, ஒன்றரை, 4 மணி என்று மூன்று தடவை பீய்ச்சுங்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, சாப்பாட்டு இடைவேளை போக இன்னும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டப்படி உண்டு. சேருவதற்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கூடவே தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் கேளுங்கள், கழிப்பறையில் பீய்ச்ச வேண்டாம். ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் அகல வாய் பிளாஸ்க்கில் ஐஸ்கட்டி நிரப்பி, அதற்குள் டப்பாவை வைத்து எடுத்து வரலாம்.

திங்கட்கிழமை சேராதீர்கள். வியாழன் சேர்ந்தால் முதல் வாரம் இரண்டு நாளில் முடியும், தவறியதைச் சனி ஞாயிறில் சரி செய்துகொள்ளலாம். மார்பில் கட்டி தட்டினால் பீய்ச்சுவதை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கட்டு இறுகும். காய்ச்சலும் வந்துவிட்டால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

இருவரும் வேலைக்குப் போகிறோம். காலையில் இட்லிதான் சுலபம். ஆனால் ஊட்டிக் குளிரில் மாவு புளிப்பதே இல்லை. கம்பளி சுற்றி வைத்தும் பார்த்துவிட்டேன். தினமும் ரொட்டி கொடுத்து மனசு கேட்கவில்லை.
– உதகை வாசகி

கம்பளி சூட்டை உண்டாக்காது, இருக்கிற சூட்டைத்தான் காக்கும். குழாயில் வருகிற ஜில் தண்ணீரை ஊற்றி அரைத்த மாவைக் கம்பளியில் சுற்றினால், அந்தக் குளிரைத்தான் பத்திரமாகக் காப்பாற்றுகிறீர்கள். மாவைப் பொங்கவைக்கிற நுண்ணுயிர்கள் 28 முதல் 32 டிகிரியில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். ஊட்டியில் ராத்திரி சமையலறை அதில் பாதிகூட இருக்காது.

ஆகவே சூடு ஊறவைக்கும்போதே ஆரம்பிக்க வேண்டும். நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் தனித்தனியாக ஊறப்போட்டுப் போங்கள். மாலை வந்ததும் அரைக்கலாம். உளுந்துக்குத் தெளிக்கிற தண்ணீரும் கை பொறுக்கிற சூட்டில் இருக்கட்டும். உப்புப் போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பழைய மாவு இருந்தால் இரண்டு கரண்டி சேருங்கள், அது தயிருக்கு ஊற்றுகிற உறைமோர் போல வேகம் கொடுக்கும். பாத்திரம் பாதி மட்டும் நிறையட்டும்.

அடுத்து, மீன் கடைகளில் கிடைக்கிற மூடி போட்ட தெர்மோகோல் பெட்டி ஒன்று வாங்கி நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். மாவுப் பாத்திரத்தை அதில் வைத்து, இரண்டு பக்கமும் வெந்நீர் ஊற்றிய பாட்டில் ஒவ்வொன்று. பாட்டில் பாத்திரத்தை ஒட்டியிருந்தால் அந்தப் பக்க மாவு வெந்துவிடும், நடுவில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். படுக்கப் போகும்போது வெந்நீரை ஒரு முறை மாற்றினால் போதும்.

இவ்வளவு செய்தும் 12 முதல் 14 மணி நேரம் ஆகும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏழு மணிக்கு அரைத்த மாவு மறுநாள் காலை ஆறு மணி இட்லிக்கு ஆகாது. சனிக்கிழமை மாலை அரையுங்கள், ஞாயிறு காலை ஒன்பதுக்குப் பொங்கியிருக்கும், ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தால் புதன் வரை ஓடும். செவ்வாய் மாலை இரண்டாவது தடவை அரைத்தால் வெள்ளிவரை கவலையில்லை. மூன்று நாளுக்கு மேலான மாவைத் தோசைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பும் இதே கதைதான். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கருக்குள்ளும் சமவெளியைவிடச் சூடு குறைவு. சமவெளியில் 20 நிமிடம் என்றால் இங்கே 25 வையுங்கள், துவரம்பருப்பை அரை மணி நேரம் வெந்நீரில் ஊறவைத்துவிட்டு. கேஸும் மிச்சம். இன்னொன்று: பிள்ளை அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குள் படித்தால் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலேயே சூடாகச் சாப்பாடு உண்டு. அதைச் சாப்பிடவிடுவதில் மனசு உறுத்த எதுவுமில்லை. ரொட்டியைவிட அந்த உப்புமாவும் சாம்பாரும் எவ்வளவோ மேல்.

தேயிலை பாக்டரியில் வேலை. சீசனில் நைட் ஷிப்ட். மனைவி பள்ளி ஆசிரியை. "நீங்க ஒரு உதவியும் பண்றதில்ல" என்று தினமும் சண்டை. நான் கேட்டதையெல்லாம் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.
– மஞ்சூர் வாசகர்

சண்டை "கேட்டதையெல்லாம்" என்கிற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது, ஐயா. கேட்பதும் ஒரு வேலை. எது தீர்ந்தது, எது நாளைக்கு வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்று நாள் முழுக்கத் தலையில் சுமப்பது உங்கள் மனைவி. நீங்கள் கையை மட்டும் கொடுக்கிறீர்கள்.

ஒரு வேலையை முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். சீருடையை எடுத்துக்கொள்ளலாம், நைட் ஷிப்ட்காரருக்கு அது தோது. துவைப்பது மட்டுமல்ல, பட்டன் அறுந்ததா, பாவாடை கட்டையாகிவிட்டதா, ஷூ கடிக்கிறதா என்று பார்ப்பதும் உங்கள் பொறுப்பு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மஞ்சூர்ப் பக்கம் துணி இரண்டு நாளானாலும் காயாது. இரண்டு செட் போதாது, மூன்று வேண்டும். பிள்ளை வந்ததும் கழற்றியதைத் துவைத்து, காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். அப்புறம் சமையலறைக் கொடியில். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தாளை மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பசை விட்டுப்போகும். ஒரு மாதம் அவர் சீருடை பற்றி ஒரு வார்த்தை பேசாதிருந்தால் வேலை உங்களுடையதாகிவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் தூக்கத்தையும் கவனியுங்கள். பறித்த இலையைப் போட்டுவைக்க முடியாது என்பதால் சீசனில் பாக்டரி ராத்திரியெல்லாம் ஓடும், அது உங்கள் கையில் இல்லை. காலை வந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கு விட்டுவிட்டுப் படுங்கள், தூங்கிவிட்டு எழுந்து விடுவது அல்ல. ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு, ஒரே மூச்சில் ஆறு மணி நேரம். பள்ளி விடுகிற நேரத்தில் முகம் கழுவித் தெளிவாக நிற்கிற அப்பா, பிள்ளைக்குப் போதும்.

மழைக்காலத்தில் காலை ஏழு மணிக்குப் பள்ளி விடுமுறை என்று செய்தி வருகிறது. எங்கள் இருவர் அலுவலகமும் திறந்திருக்கும். ஒவ்வொரு முறையும் நான்தான் லீவு போடுகிறேன்.
– குன்னூர் வாசகி

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல, கடிதங்களில் பாதி இதைச் சொல்கின்றன. ஏழு மணிக்கு முடிவெடுத்தால் லீவு எப்போதும் அம்மா தலையில்தான் விழும். முடிவை மே மாதமே எடுங்கள்.

காலண்டரை எடுத்து வைத்து இருவரும் உட்காருங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பயம். 2009 நவம்பரில் மண் சரிந்து பலர் உயிரிழந்ததும் இந்தப் பருவத்தில்தான். ஆக, உங்கள் இருவருடைய தற்செயல் விடுப்பிலும் பாதியை அக்டோபருக்கு முன் தொடாமல் வையுங்கள். ஒற்றைப்படைத் தேதியில் விடுமுறை வந்தால் அவர், இரட்டைப்படையில் நீங்கள். அன்றைக்கு முக்கியமான மீட்டிங் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மாற்றுகிறவர்தான் அடுத்த முறை இருக்க வேண்டும்.

அதே தெருவில் இன்னும் இரண்டு குடும்பத்தைச் சேர்த்துக்கொண்டால் ஆறு பெரியவர்கள். ஒரு மழை நாளுக்கு ஒருவர் வீட்டில் இருந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கலாம், ஒருவருக்கு ஆறில் ஒரு நாள்தான் வரும். பிள்ளைக்கு என்ன ஒவ்வாமை, என்ன மருந்து, யாருக்குப் போன் பண்ணுவது என்பதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒட்டுங்கள். மலைப்பாதை அடைபட்டால் நீங்கள் ராத்திரிவரை வர முடியாமல் போகலாம். அன்று பிள்ளை யார் வீட்டில் தூங்கும் என்பதையும் முன்கூட்டியே பேசி, பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள்.

எஸ்டேட்டில் இலை பறிக்கிறேன். பிள்ளைக்கு இரண்டு வயது. காண்டிராக்டில் வந்த எங்களுக்கு கிரீச் கிடையாது என்கிறார்கள். உண்மையா?
– பந்தலூர் வாசகி

இல்லை. 1951-ம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் என்று இருந்தது, ஒப்பந்தக்காரர் மூலம் வந்த பெண்களையும் கணக்கில் சேர்த்தே. 2020-ல் இயற்றிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும், ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டத்தில் காப்பகம் நடத்துவது நிர்வாகத்தின் கடமைதான். தனியாகக் கேட்காதீர்கள், பிள்ளை உள்ள பெண்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்குக் கொடுத்து, நகலில் வாங்கியதற்கு ஒப்பம் பெறுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போகலாம். கிரீச் கிடைத்த பிறகு ஒரு தடவை திடீரென்று நடுப்பகலில் போய்ப் பாருங்கள்: பிள்ளைகள் கட்டிய ஈரத்துணி மாற்றப்பட்டதா, குடிநீர் கொதிக்கவைத்ததா, ஆயா ஒருவருக்கு எத்தனை பிள்ளை.

மகனுக்கு ஒன்பது வயது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்துவிடுவான். நாங்கள் ஆறரை மணி பஸ்ஸில்தான் இறங்குவோம். கரடி நடமாட்டம் வேறு. தனியாக விடலாமா?
– கட்டபெட்டு வாசகி

தனியாக விடாமல் இருக்க வழி இருந்தால் அதைத்தான் செய்யுங்கள். அந்த இரண்டரை மணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துப் பேசிக்கொள்வது நல்லது. "சும்மா பார்த்துக்கோங்க அக்கா" என்று விட்டால் அவருக்கு ஒரு கல்யாணம் வந்த அன்று உங்கள் ஏற்பாடு உடையும். காசு கொடுத்தால் முன்கூட்டியே சொல்வார்.

பாதையில் பிள்ளைகள் நாலைந்து பேராகச் சத்தமாகப் பேசிக்கொண்டு வரட்டும். கரடிக்குத் திடீரென்று எதிரே ஆள் வருவதுதான் கோபம், தூரத்திலேயே சத்தம் கேட்டால் விலகிப் போகும். தேயிலைக்குள் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். வீட்டைச் சுற்றிப் பழத்தோல், மீந்த சோறு கொட்டாதீர்கள். எண்ணெய் வாடைக்குக் கரடி கதவைக்கூட உடைக்கும், ஆகவே சாமி விளக்கு எண்ணெயை வெளித்திண்ணையில் வைக்காதீர்கள். டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், ஐந்தரைக்கு மேல் வாசலைத் தாண்டக் கூடாது என்று பழக்குங்கள்.

எப்போதாவது ஒரு நாள் அவன் தனியே இருக்க நேர்ந்தால்: கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள், பர்னர் திருகியை மட்டும் அல்ல. பிளாஸ்க்கில் பால், டப்பாவில் பொரி. உங்கள் எண், பக்கத்து வீட்டு எண், அவசர உதவி 112, குழந்தைகள் உதவி 1098 நான்கையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும், செல்போனில் பதிந்திருப்பது போதாது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. குளிருக்கு இரும்புச் சட்டியில் கரிக்கங்கு போட்டு அறைக்குள் வைக்கிற பழக்கம் மலையில் பல வீடுகளில் இருக்கிறது. கதவு ஜன்னல் சாத்திய அறையில் கங்கு கார்பன் மோனாக்சைடு என்கிற வாயுவை விடும். அதற்கு வாசனை இல்லை, புகை தெரியாது, கண் எரியாது. தலைவலி, மயக்கம், தூக்கம், அப்படியே உயிர் போய்விடும். புகை அடங்கி, கங்கு சிவந்த பிறகு ஆபத்து இல்லை என்று நினைப்பது தவறு, அப்போதும் வாயு வந்துகொண்டே இருக்கும். உங்கள் மகனிடமும், பார்த்துக்கொள்கிற அம்மாவிடமும் கங்கை அறைக்குள் எடுத்து வரக் கூடாது என்று சொல்லுங்கள். குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர், காலுறை, வெந்நீர்ப் பை. குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அதுவும் இப்படித்தான்: ஜன்னலைத் திறந்து வைத்து முதலிலேயே வாளியில் பிடித்து, கீசரை அணைத்த பிறகுதான் பிள்ளை உள்ளே போக வேண்டும்.